நேர்மையான பகடைகள்

கடந்த கோடையில் எங்கள் உறவினர் இல்லத்தில் புதுநன்மை விழா ஒன்று நடைபெற்றது. காலையில் திருப்பலி, நண்பகலில் விருந்து. மாலையில் பெரியவர்கள் திண்ணையில் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, உள்ளே கூடத்திலிருந்து பிள்ளைகளின் ஆரவாரம் எழுந்தது. எட்டிப் பார்த்தேன். அமெரிக்காவில் பணிபுரியும் உறவுக்கார இளைஞர் ஒருவர் விடுப்பில் வந்திருந்தார். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கட்டங்களும் எண்களும் வரைந்து, லூடோப் பெட்டியிலிருந்த இரண்டு பகடைகளை எடுத்துப் பிள்ளைகளுக்கு ஏதோ கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பணத்துக்குப் பதில் புளியங்கொட்டை. அன்று காலையில்தான் ஆண்டவரை முதன்முதலாக நாவில் ஏற்ற சிறுவன், வெள்ளாடையைக்கூடக் களையாமல், பகடைகளை உள்ளங்கைக்குள் குலுக்கி ஊதி எறிந்தான். ஏழு விழுந்தது. கூடமே குதித்தது.

"இது என்ன ஆட்டம், தம்பி?" என்று கேட்டேன்.

"கிராப்ஸ், பெரியப்பா. லாஸ் வேகாஸில் ஆடுவார்கள். மற்றச் சூதாட்டங்களைப் போல இதில் ஏமாற்று வேலை கிடையாது. கணக்குத் தெரிந்து ஆடினால் விடுதிக்கும் நமக்கும் ஏறத்தாழச் சமமான ஆட்டம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது. கள்ளப் பகடையை உருட்டுபவனிடமிருந்து பிள்ளைகளைக் காப்பது எளிது. நேர்மையான பகடையிடமிருந்து காப்பதே அரிது. "ஏமாற்று இல்லையே, பிறகென்ன?" என்ற கேள்விக்குப் படித்தவர்களும் வாயடைத்து நிற்கிறார்கள். எனவே, அந்த ஆட்டத்தை அதன் சொந்தக் கணக்கைக் கொண்டே எடைபோட்டுப் பார்ப்போம்.

ஆட்டத்தின் வழி

இங்கிலாந்தில் பழங்காலத்தில் ஆடப்பட்ட 'ஹேசர்ட்' என்னும் பகடையாட்டத்தின் வழித்தோன்றல் கிராப்ஸ். பிரெஞ்சு மக்கள் வழியாக அது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைந்தது. அங்கே பெருஞ்செல்வரான பெர்னார்ட் தெ மரின்யி என்பவர் தம் தோட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது, ஒரு தெருவுக்கு இந்த ஆட்டத்தின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் அத்தெருவின் பெயர் மாற்றப்பட்டது. அவருடைய செல்வமும் நிலைக்கவில்லை. 1868இல் வறியவராகவே இறந்தார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகடை செய்யும் தொழிலாளியான ஜான் வின் என்பவர், வீசுபவருக்கு எதிராகவும் பந்தயம் கட்டலாம் என்ற முறையைப் புகுத்தினார். இரு பக்கமும் பந்தயம் கட்டலாம் என்றானதும், கள்ளப் பகடை வைத்து ஒரு பக்கத்தை மட்டும் வீழ்த்துவது பயனற்றதாயிற்று. ஆட்டம் நேர்மையானது, நேர்மையானதால் பெருவணிகமாக வளர்ந்தது. நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் தரையில் போர்வையை விரித்துப் பகடை உருட்டினார்கள். போர் முடிந்தபின் அவர்களில் பலர் லாஸ் வேகாஸின் பச்சை மேசைகளைத் தேடிச் சென்றார்கள். 1978இல் அட்லாண்டிக் சிட்டியிலும் விடுதியின் கதவுகள் திறந்தன.

முறை இதுதான். ஒருவர் இரண்டு பகடைகளை வீசுகிறார். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் 'பாஸ் லைன்' என்னும் கோட்டில், வீசுபவருக்கு ஆதரவாகப் பணம் வைக்கிறார்கள். முதல் வீச்சில் கூட்டுத்தொகை 7 அல்லது 11 வந்தால் வெற்றி. 2, 3, 12 வந்தால் தோல்வி. 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றுள் ஒன்று வந்தால் அதுவே 'பாயிண்ட்' என்னும் இலக்கு எண்ணாகிறது. அதன்பின், 7 வருவதற்கு முன் அந்த இலக்கு எண் மீண்டும் வந்தால் வெற்றி. 7 முந்திக்கொண்டால் தோல்வி. முதல் வீச்சில் வாழ்வித்த அதே ஏழு, இரண்டாம் வீச்சிலிருந்து கொல்லும் ஏழாக மாறிவிடுகிறது.

இரண்டு பகடைகள் விழக்கூடிய வகைகள் 36. அவற்றுள் 7 விழும் வகைகள் 6. 6க்கும் 8க்கும் தனித்தனியே 5; 5க்கும் 9க்கும் 4; 4க்கும் 10க்கும் 3. ஆகவே எந்த இலக்கு எண்ணைவிடவும் ஏழே அடிக்கடி விழும். மறைவு ஏதுமில்லை. விரல் விட்டு எண்ணத் தெரிந்த பிள்ளையும் இதைக் கண்டுகொள்ளும்.

தூண்டில் இரை

இப்போது கணக்கைப் பாருங்கள். பாஸ் லைன் பந்தயம் 495 முறை நடப்பதாகக் கொண்டால், சராசரியாக 244 முறை ஆடுபவருக்கு வெற்றி. 251 முறை விடுதிக்கு வெற்றி. வேறுபாடு வெறும் 7. நூறு டாலருக்கு ஏறத்தாழ 1 டாலர் 41 சென்ட். இளைஞர் "ஏறத்தாழச் சமம்" என்றது இதைத்தான்.

ஆயினும் அந்த 495ஐப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். முதல் வீச்சிலேயே முடிந்துவிடும் ஆட்டங்களில் 110 வெற்றி, 55 தோல்வி. அதாவது ஒரு தோல்விக்கு இரண்டு வெற்றி! இலக்கு எண் ஏற்பட்டு நீளும் ஆட்டங்களிலோ 134 வெற்றி, 196 தோல்வி. முதலில் அள்ளிக் கொடுத்து, பிறகு அமைதியாகத் திரும்ப எடுத்துக்கொள்வதே இந்த ஆட்டத்தின் அமைப்பு. சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் இரைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்த உவமையை அப்படியே மேசையாகச் செய்து வைத்தது போன்றது கிராப்ஸ்.

இன்னொரு விதியும் உண்டு. இலக்கு எண் ஏற்பட்டபின் பாஸ் லைனில் வைத்த பணத்தை எடுத்துக்கொள்ள முடியாது. நிலைமை பாதகமாக மாறிவிட்டது என்று தெரிந்தும் அது அங்கேயே கிடக்க வேண்டும். வீசுபவருக்கு எதிராக 'டோன்ட் பாஸ்' கட்டத்தில் வைத்தவரோ எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏனெனில் அந்நேரத்தில் சாதகம் அவர் பக்கம் இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டால் விடுதிக்கே நன்மை! எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், எந்தக் கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பதை எவ்வளவு நுட்பமாக எண்ணியிருக்கிறார்கள்! இதில் ஏமாற்று இல்லை. விதி வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் வெளிப்படையாக இருப்பது ஒன்று. நீதியாக இருப்பது வேறொன்று.

இதற்கு அப்பாலும் பந்தயங்கள் உண்டு. மேசையின் நடுவே வண்ண வண்ணமாகப் பகடைப் படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அடுத்த வீச்சில் ஏழு விழும் என்று கட்டினால் ஒன்றுக்கு நான்கு கிடைக்கும். உண்மையில் அது ஆறில் ஒரு முறையே விழும். நீதிப்படி ஒன்றுக்கு ஐந்து தரவேண்டும். இங்கே நூறு டாலருக்கு ஏறத்தாழ 17 டாலர் விடுதிக்குப் போய்ச் சேருகிறது. 2 அல்லது 12 விழும் என்று கட்டினால் ஒன்றுக்கு 30 தருவார்கள். நீதிப்படி 35 தரவேண்டும். மணிக்கு நூறு வீச்சு நடக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீச்சிலும் ஏழின்மேல் ஒரே ஒரு டாலர் வைப்பவர் ஒரு மணி நேரத்தில் சராசரியாகப் பதினாறு டாலருக்கு மேல் இழப்பார். பாஸ் லைனில் ஆட்டத்துக்குப் பத்து டாலர் வைப்பவரோ நான்கு டாலர் அளவே இழப்பார். சிறு காசுதானே என்று ஏழை வைக்கும் இடத்தில்தான் விடுதியின் வாய் அகலமாகத் திறந்திருக்கிறது.

நீதியான பந்தயத்தின் சூழ்ச்சி

"பெரியப்பா, ஆட்ஸ் பந்தயத்தை மறந்துவிட்டீர்களே!" என்று இளைஞர் இடைமறித்தார். மறக்கவில்லை. கிராப்ஸை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுதான். அதை மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும்.

இலக்கு எண் ஏற்பட்டபின், பாஸ் லைன் பணத்துக்குப் பின்னால் கூடுதலாக ஒரு தொகை வைக்கலாம். 4 அல்லது 10 என்றால் ஒன்றுக்கு இரண்டு. 5 அல்லது 9 என்றால் இரண்டுக்கு மூன்று. 6 அல்லது 8 என்றால் ஐந்துக்கு ஆறு கிடைக்கும். விடுதிக்கு இதில் ஒரு சென்ட்கூடச் சாதகம் இல்லை. முற்றிலும் நீதியான பந்தயம்! மேசையில் இதற்கென்று பொதுவாக ஒரு கட்டம்கூட வரையப்பட்டிருப்பதில்லை. விவரம் அறிந்தவர்களே வைப்பார்கள்.

ஆனால் ஆதாயமே இல்லாத ஒன்றை வணிகன் ஏன் அனுமதிக்கிறான்? பல விடுதிகளில் நடப்பிலுள்ள ஏற்பாடு இது: இலக்கு 4 அல்லது 10 ஆனால் பந்தயத்தைப் போல மூன்று மடங்கு, 5 அல்லது 9 ஆனால் நான்கு மடங்கு, 6 அல்லது 8 ஆனால் ஐந்து மடங்கு வரை வைக்கலாம். பத்து டாலரோடு வந்தவர், இலக்கு ஆறு ஆனதும், "இது நீதியான பந்தயமாயிற்றே" என்று மேலும் ஐம்பதை வைக்கிறார். அடுத்து ஏழு விழுந்தால் போவது பத்து அன்று, அறுபது. மேலும், இந்தப் பந்தயத்தைத் தனியே வைக்க முடியாது. நீதியற்ற பத்து டாலர் முன்னே நின்றால்தான் நீதியான ஐம்பது பின்னே நிற்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றுண்டு. இரு தரப்புக்கும் முற்றிலும் சமமான ஆட்டத்திலும், கைப்பணம் குறைந்தவர் மிகுந்தவரோடு ஓயாமல் ஆடினால், முதலில் வெறுங்கையாவது பெரும்பாலும் குறைந்தவரே. கணித அறிஞர்கள் நெடுங்காலம் முன்பே மெய்ப்பித்த உண்மை இது. குடத்து நீர் ஏற்ற இறக்கத்தில் ஒருநாள் வற்றும். கடலுக்கு அந்த அச்சம் இல்லை. விடுதி தோற்றால் நாளைக்கு ஆடும். குடும்பத் தலைவர் தோற்றால் நாளைக்கு எதைக்கொண்டு ஆடுவார்? பகடை சமமாக இருக்கலாம். மேசையின் இரு பக்கமும் நிற்பவர்கள் சமமானவர்கள் அல்லர். 'நீதியான பந்தயம்' என்ற சொல் மறைப்பது இதைத்தான்.

பகடைக்குக் காது இல்லை

கணக்குத் தெரிந்தவர்கள்தாம் ஆடுகிறார்கள் என்றால், அந்த மேசையைச் சுற்றி இத்தனை மூடநம்பிக்கைகள் எப்படி வந்தன? பகடை கையில் இருக்கும்போது 'ஏழு' என்ற சொல்லை உரக்க உச்சரிக்கக் கூடாதாம். பகடை மேசைக்கு வெளியே தெறித்து விழுந்தால் கெட்ட சகுனமாம். ஒருவர் தொடர்ந்து வென்றால் அவர் கை 'சூடேறிவிட்டது' என்று அனைவரும் அவர் பின்னே பணத்தைக் கொட்டுவார்கள். 2009 மே மாதத்தில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு பெண்மணி 154 முறை வீசி, நான்கு மணி நேரம் 18 நிமிடங்கள் தோற்காமல் நின்றார். அந்த நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டு மேசைக்குச் செல்பவர்கள், நாலைந்து வீச்சிலேயே பகடையை இழந்தவர்களின் கதைகளைக் கேட்பதில்லை. அவற்றை யார் சொல்லப்போகிறார்கள்?

பகடைக்குக் காதும் இல்லை, நினைவும் இல்லை. சென்ற முறை என்ன விழுந்தது என்பதை அது அறியாது. மேசையின் எதிர்ச் சுவரில் ரப்பர் முனைகளைப் பதித்து, பகடைகள் அவற்றில் மோதித் திரும்ப வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கைத்திறனால் எண்ணை வரவழைக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கும் நூல்களும் வகுப்புகளும் இருக்கின்றன. அவற்றைக் கண்டு விடுதிகள் அஞ்சுவதாகத் தெரியவில்லை.

இங்கே பாஸ்கலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1654இல் பிளேஸ் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர், ஃபெர்மா என்ற கணித மேதையோடு கடிதம் எழுதிக்கொண்டு, சூதாட்டத்தில் எழுந்த கேள்விகளுக்கு விடை தேடினார். நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் இட்ட கடிதங்கள் அவை. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவில் அவருக்கு ஆழ்ந்த இறையனுபவம் வாய்த்தது. அதைக் குறித்து எழுதிய தாளைத் தம் ஆடைக்குள் தைத்து வைத்திருந்தார். இறந்தபின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. பகடையின் கணக்கை அத்துணைத் தெளிவாகக் கண்ட அறிவு, இறைவனைப் பகடைக்குள் தேடவில்லை. சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு பகடையை வீசுபவர் பாஸ்கலைவிடக் கணிதத்திலும் குறைந்தவர், பக்தியிலும் குறைந்தவர்.

போலியான தோழமை

கிராப்ஸ் மேசையின் கவர்ச்சி பணத்தில் மட்டும் இல்லை, தோழமையிலும் இருக்கிறது. முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் நின்று, ஒருவருடைய வீச்சுக்காக ஒரே குரலில் ஆர்ப்பரிக்கிறார்கள். தொலைதூரத்தில் தனித்து வாழும் நம் பிள்ளைகளை அம்மேசைக்கு இழுப்பது பேராசையைவிட இந்த ஆரவாரமாகவே இருக்கலாம். அவர்களைக் கடிந்துகொள்ளுமுன், வார இறுதியில் அவர்களுக்கு வேறு எந்தக் கூட்டத்தை நாம் அமைத்துக் கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் அந்தத் தோழமையின் ஆயுள் அடுத்த ஏழு வரைதான். வீசுபவருக்கு எதிராகக் கட்டினால் விடுதியின் சாதகம் நூறுக்கு 1 டாலர் 36 சென்ட் அளவு. பாஸ் லைனைவிடச் சற்றே குறைவு. ஆனால் அப்படிக் கட்டுபவரைக் கூட்டம் முகம் சுளித்துப் பார்க்கும். கணக்கறிந்தே ஆடுகிறோம் என்பவர்களில் பெரும்பாலோர் ஏன் அந்தப் பக்கம் போவதில்லை? அவர்கள் வாங்க வந்தது கணக்கை அன்று, சேர்ந்து கூவும் இன்பத்தை. ஏழு விழுந்ததும் கோலோடு நிற்கும் ஊழியர் பகடைகளை அடுத்தவரிடம் தள்ளுகிறார். தோற்றவர் ஓசையின்றி நகர்கிறார். அவர் எங்கே போகிறார் என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

யாருடைய அங்கி?

"திருச்சபையே சூதாட்டத்தை முற்றிலும் தடை செய்யவில்லையே" என்பது கடைசி வாதம். உண்மை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தன் 2413ஆம் எண்ணில், இத்தகைய ஆட்டங்கள் தம்மிலேயே நீதிக்கு முரணானவை அல்ல என்று ஏற்கிறது. ஆனால் ஒருவர் தமக்கும் பிறருக்கும் தேவையானதை அவை பறிக்கும்போது ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவை ஆகின்றன என்றும், அவற்றின்மீதுள்ள மோகம் அடிமைத்தனமாக முற்றும் அபாயம் உண்டு என்றும் எச்சரிக்கிறது. ஆகவே, விழா நாளில் அளவோடு ஆடிவிட்டு வீடு திரும்புபவரைப் பாவி என்று நான் தீர்ப்பிடவில்லை. என் வழக்கு, இந்த ஆட்டத்தை 'அறிவாளியின் ஆட்டம்' என்றும் 'நீதியான ஆட்டம்' என்றும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பவர்களோடுதான்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். அமெரிக்கப் பங்குகள் சிலவற்றில் நிதி திரட்டுவதற்காகச் சூதாட்ட இரவு நடத்தும் வழக்கம் இருந்துவருகிறது. லாஸ் வேகாஸில் 1963இல் எழுந்த காவல் தூதர் பேராலயத்தின் காணிக்கைத் தட்டில், பணத்தோடு சூதாட்ட வில்லைகளும் விழுவதுண்டு. நம் ஊர்களிலும் திருவிழாக் குலுக்கல் சீட்டுக்கு ஆலய வாசலிலேயே மேசை போடுகிறோம். நல்ல நோக்கம் என்கிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் உழைக்காமல் வருவது இறைவனின் ஆசீர் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளின் நெஞ்சில் முதலில் விதைப்பது எந்த மேசை என்று எண்ணிப் பார்க்கவேண்டாமா?

விவிலியத்தில் சீட்டுக் குலுக்கிய இரு நிகழ்ச்சிகள் என் நினைவுக்கு வருகின்றன. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர்கள் சீட்டுக் குலுக்கினார்கள். அங்கே எவரும் எவருடைய பொருளையும் வெல்லவில்லை. தம் விருப்பத்தை இறைவனிடம் ஒப்படைத்தார்கள். மற்றொன்று கல்வாரியில் நடந்தது. தையல் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக நெய்யப்பட்ட அங்கியைக் கிழிக்க மனமின்றி, படைவீரர்கள் அதற்காகச் சீட்டுக் குலுக்கினார்கள். அவர்கள் உருட்டியது பகடையா வேறெதுவுமா என்று நற்செய்தி கூறவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. அவர்களுக்குள் ஏமாற்று இல்லை. ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்பு இருந்தது. முழுக்க முழுக்க நேர்மையான ஆட்டம் அது! தலைக்குமேல் ஒருவர் உயிர்விட்டுக்கொண்டிருந்தார் என்பது மட்டுமே குறை. நேர்மையாக ஆடியவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே, "பகடை நேர்மையானதா?" என்ற கேள்வி போதாது. "மேசைமேல் கிடப்பது யாருடைய அங்கி?" என்றும் கேட்க வேண்டும். அது மனைவியின் மாத வரவாக இருக்கலாம். மகளின் கல்லூரிக் கட்டணமாக இருக்கலாம். ஊரில் மகனின் பணத்தை எதிர்பார்த்து அஞ்சல்காரரின் வழி நோக்கும் தாயின் மருந்துச் செலவாக இருக்கலாம். தோற்பவருக்கு மட்டுமன்று, வெல்பவருக்கும் இக்கேள்வி உண்டு. கிராப்ஸ் மேசையில் ஒருவர் வெல்லும் பணத்தை விடுதி மண்ணில் விளைவிப்பதில்லை. முந்தைய இரவில் தோற்றவர்கள் விட்டுச்சென்றதையே எடுத்துத் தருகிறது.

இவற்றையெல்லாம் அன்று மாலை அந்த இளைஞரிடம் கூறினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். அதற்குள் இரவு உணவுக்கு இலை போட்டுவிட்டார்கள். புளியங்கொட்டைகளைத் தோற்ற பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள். வென்றவன் மட்டும் எழவில்லை. புதுநன்மை வாங்கிய அந்தச் சிறுவன், குவியலை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை, அண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். இளைஞர் அவனைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு நாட்காட்டித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பகடைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.